மோர் வராத பந்தி

கல்யாணப் பந்தியில் எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சாம்பார், ரசம், பாயசம் என்று வரிசையாக வந்து, மோர் வாளி தூரத்தில் தெரிந்ததுமே கை நிதானித்துவிடும். இலையை மடித்தால் பரிமாறுகிறவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். கைப்பேசியில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பதிவுகளும் ஒரு பந்திதான். அது எப்படி நடக்கிறது என்று சமையற்கட்டுக்குள் போய்ப் பார்க்கலாம்.

முதலில் உக்கிராண அறை. உலகம் முழுவதும் ஏற்றிய வீடியோக்கள் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. யூடியூப் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த வேலையை இரண்டு கட்டமாக விவரிக்கிறது. முதல் இயந்திரம், நீங்கள் முன்பு பார்த்தவற்றை வைத்து, பல லட்சம் வீடியோக்களிலிருந்து சில நூறை மட்டும் எடுத்து வைக்கும். இரண்டாவது இயந்திரம் அந்தச் சில நூறுக்கும் மதிப்பெண் போட்டு, மேலே வரும் சிலவற்றை உங்கள் இலைக்கு அனுப்பும்.

அந்த மதிப்பெண் எதற்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2012 வரை யூடியூப் முக்கியமாகக் கவனித்தது, எத்தனை பேர் அழுத்தித் திறந்தார்கள் என்பதை. அதன் பிறகு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது முன்னுக்கு வந்தது. அதாவது, பரிமாறுகிறவர் பெரும்பாலும் உங்களிடம் எதுவும் கேட்பதில்லை. உங்கள் கையைத்தான் பார்க்கிறார். அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டால் இன்னும் இரண்டு அப்பளம் இலையில் விழும். கூட்டும் பொரியலும் உள்ளே ஆறிக்கொண்டிருக்கும். நேரத்தை மட்டும் அளந்தால், ஒன்றை விரும்பிப் பார்த்தோமா, பதறிப்போய்ப் பார்த்தோமா என்பதும் தெரியாது. வெள்ளச் செய்தி ஒன்றில் பயந்து நின்றவருக்கு அடுத்தடுத்து வெள்ளமாகவே வருவது இதனால்தான்.

கடைசியில் மோர். முன்பெல்லாம் ஒரு பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அங்கே கை ஒரு கணம் நிற்கும். போதுமா, இன்னும் வேண்டுமா என்று மனசு யோசிக்க அந்த ஒரு கணம் போதும். 2006இல் ஏசா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லாப் பக்கம் அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டது. அதற்காகப் பின்னாளில் அவரே வருந்தினார். தகவல் பெருகிவிட்டது என்று நாம் புலம்புகிறோம். என்னைக் கேட்டால், பெருக்கத்தைவிடப் பெரிய சிக்கல் இதுதான்: எழுந்திருக்கச் சொல்லும் அடையாளம் போய்விட்டது.

அந்த அடையாளத்தைத் திரும்பக் கொடுத்தால் என்ன ஆகும்? டென்மார்க்கின் ஒடென்சே நகரில் உள்ள தென் டென்மார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 முதல் 2021 வரை இதைச் சோதித்தார்கள். 89 குடும்பங்கள், 181 பிள்ளைகள். குலுக்கல் முறையில் தேர்ந்த 45 குடும்பங்கள் இரண்டு வாரத்துக்கு ஸ்மார்ட்ஃபோன்களையும் டேப்லெட்டுகளையும் ஒப்படைத்துவிட்டன. வேலை, படிப்பு போக, பொழுதுபோக்குக்கு ஒருவருக்கு வாரம் 3 மணி நேரத் திரை மட்டும். 2022இல் வந்த முடிவின்படி, அந்த வீட்டுப் பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைவிட நாளுக்குச் சராசரியாக 45 நிமிடம் அதிகமாக ஓடியாடினார்கள். 2024இல் வந்த அடுத்த கட்டுரை, அவர்களுடைய மன உளைச்சல், சகபிள்ளைகளோடு வரும் உரசல் போன்றவையும் குறைந்ததாகச் சொல்கிறது.

ஃபோனை ஒப்படைக்க எல்லாராலும் முடியாது. ஆனால் ஒடென்சேயில் இருப்பவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டப்படி, மிகப் பெரிய தளங்கள் பயனரின் நடத்தையைக் கணக்கில் எடுக்காத ஒரு வரிசையையும் தந்தே ஆக வேண்டும். இன்ஸ்டாகிராம், டிக்டாக் அமைப்புகளுக்குள் தேடினால் அது கிடைக்கும். போட்டுப் பாருங்கள்: அப்பளம் குறையும், சாப்பாடு கொஞ்சம் சப்பென்று இருக்கும். அந்தச் சப்புதான் இலையை மடிக்க வைக்கும். தானாக ஓடும் வீடியோவை நிறுத்திவைப்பதும், தேடுபெட்டியில் கேள்வியைத் தட்டிவிட்டு விடை கிடைத்ததும் மூடுவதும் அதே வேலையைச் செய்யும்.

புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளுக்கு வாட்ஸ்அப் என்ற இன்னொரு பந்தியும் உண்டு. ஒடென்சேயில் குளிர்காலக் காலை 6 மணி என்றால் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் 10.30. கண் விழிக்கும்போதே குடும்பக் குழுவில் அரை நாள் செய்தி குவிந்திருக்கும். இங்கே மதிப்பெண் போடும் இயந்திரம் இல்லை. பரிமாறுகிறவர்கள் சித்தியும் மாமாவும். இலையை மடித்தால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் நமக்கு. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும். அப்படிப்பட்டதை அனுப்பாமல் விட்டால் சித்திக்கு எந்தக் குறையும் வராது. குழுவின் ஒலியை நிறுத்திவிட்டு, மாலையில் மாமாவைக் கூப்பிட்டுப் பேசினால் அவர் கூடுதலாகவே சந்தோஷப்படுவார்.

2025 நவம்பரில் டென்மார்க் அரசியல் கட்சிகள் சமூக ஊடகத்துக்கு 15 வயது வரம்பு வைக்க உடன்பட்டன. 13 வயதிலிருந்து பெற்றோர் அனுமதிக்கலாம். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒடென்சே சோதனையில் அம்மா அப்பாவும் தங்கள் ஃபோனைக் கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரமும் வீடு முழுவதும் ஒரே நேரத்தில் கை கழுவியது.