உங்களுக்குத் தெரியுமா? சோளக்காட்டுச் சந்தையில் விற்கும் மூலக்கூறுகள்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் சோளக்காடு. நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை. சந்தையில் மிளகு, அன்னாசி, பலா, மலைவாழை, காபிக்கொட்டை, தேன், முடவாட்டுக்கால் கிழங்கு என்று குவிந்து கிடக்கும். இவற்றில் பாதி, உடம்புக்குள் போனதும் ஏதாவது ஒரு புரதத்தைச் சீண்டாமல் விடாது. ருசி, மருந்து, விஷம் எல்லாமே அந்தச் சீண்டலில்தான் தொடங்குகின்றன.

●

முதலில் மலை ஏற வேண்டுமே! பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘சுற்றுகிறோம்’ என்கிறது. முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், ‘இல்லையே, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இந்தக் குழப்பத்தை வாந்தி மையத்துக்குக் கொண்டுபோவதில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற இரு மூலக்கூறுகளுக்குப் பங்கு உண்டு. அவோமின் போன்ற மாத்திரைகள் அவை உட்கார வேண்டிய ஏற்பிப் புரதங்களை முன்கூட்டியே அடைத்துவிடும். குமட்டல் வந்தபிறகு விழுங்கினால் அவ்வளவாகப் பலன் இருக்காது, கீழேயே போட்டுக்கொள்ள வேண்டும். மூளையை விழிப்பாக வைத்திருப்பதும் அதே ஹிஸ்டமின்தான். அதனால் மாத்திரை போட்டவர் 70 வளைவில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் தூங்கிக்கொண்டே வருவார்.

●

மிளகின் காரம் ஒரு சுவையே அல்ல. இனிப்பையும் கசப்பையும் அறியும் நாக்குச் செல்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலியை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறந்து, கால்சியம், சோடியம் அயனிகளைச் செல்லுக்குள் விடுவது அதன் வேலை. மிளகில் உள்ள பைப்பரின் வந்து ஒட்டினால் சூடே இல்லாமல் திறந்துகொள்ளும். மூளையோ ‘வாய் வேகிறது’ என்று அலறும். இந்தப் புரதத்தை மிளகாயின் கேப்சைசினை வைத்து 1997-இல் அடையாளம் கண்டவர் கலிபோர்னியாவின் டேவிட் ஜூலியஸ். 2021-இல் ஆர்டெம் பட்டபூடியனோடு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய், போர்ச்சுகீசியர் காலத்தில் கப்பலேறி வந்த சரக்கு. அதற்கு முன் நம் குழம்புகளுக்குக் காரம் கொடுத்த மிளகை விட்டுவிட்டு மிளகாயை வைத்து நோபல் வாங்கிவிட்டார்களே என்று கொல்லிமலைக்காரர்கள் கோபித்துக்கொண்டால் அதில் நியாயம் உண்டு.

●

மிளகுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, அது காரத்தைவிடப் பெரிய விஷயம். நாம் விழுங்கும் பல மருந்துகளைக் குடலும் கல்லீரலும் அந்நியச் சரக்காகவே பார்க்கின்றன. சில நொதிகள் அவற்றை மாற்றிச் சிதைக்கும். பி-கிளைக்கோபுரதம் என்ற இன்னொரு புரதம், குடல் செல்லுக்குள் நுழைந்த மூலக்கூறை மறுபடி வெளியே தள்ளும். பைப்பரின் இந்த இரண்டு தரப்பையும் மந்தப்படுத்துகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினை, அதாவது மஞ்சளின் நிறப்பொருளை, வெறும் 20 மில்லிகிராம் பைப்பரினோடு கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு. 1998-இல் வெளியான ஆய்வு இது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு பைப்பரினைச் சேர்த்து, மருந்தின் அளவை 200 மில்லிகிராமுக்குக் குறைத்த மாத்திரையும் ஜம்முவின் அரசு ஆய்வகமும் காடிலா நிறுவனமும் சேர்ந்து இந்தியாவில் உருவாக்கியதுதான். சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகத்தை எந்த மருந்தோடும் சேர்க்கும் நம் வைத்தியர்கள் நொதியைப் பார்த்ததில்லை, பலனைப் பார்த்திருக்கிறார்கள்.

ரசத்து மிளகைப் பற்றிய பேச்சல்ல இது. செறிவான பைப்பரின் கேப்ஸ்யூல் வாங்கி விழுங்குகிறவர்கள், ஏற்கெனவே வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. அந்த மாத்திரையின் அளவும் ரத்தத்தில் ஏறிவிடலாம்.

●

அன்னாசி நிறைய சாப்பிட்டால் நாக்கு எரிவது ஏன்? நாம் அன்னாசியைத் தின்னும்போது அன்னாசியும் நம்மைக் கொஞ்சம் தின்கிறது. அதிலுள்ள புரோமெலின் ஒரு புரதம், அதன் தொழிலே மற்றப் புரதங்களை வெட்டுவது. வாயின் மெல்லிய தோலை அது அரிக்கிறது. பழத்திலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் குத்திக் கூடுதல் உபகாரம் செய்கின்றன. பச்சைப் பழத்தைப் பாலில் அடித்து வைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துக் குடித்தால் கசக்கும், பால்புரதம் துண்டுதுண்டாக வெட்டுப்பட்டிருக்கும். ஜெலட்டினில் போட்டால் ஜெல்லி உறையாது. ஆனால் சைனாகிராஸில் போட்டால் கச்சிதமாக உறையும். சைனாகிராஸ் கடற்பாசியிலிருந்து வரும் மாவுச்சத்து வகை, புரதம் அல்ல. புரோமெலினுக்கு அதில் வேலையில்லை.

பழத்தைக் கொதிக்கவைத்துவிட்டால் புரோமெலினின் மடிப்பு குலைந்து செயலிழந்துவிடும். கேசரியில் விழுந்த அன்னாசி நாக்கைச் சுடாது. பழத்தைவிடத் தண்டில்தான் புரோமெலின் அதிகம். அந்தத் தண்டிலிருந்து எடுத்த நொதிக் கலவை, தீக்காயத்தில் வெந்துபோன திசுவை மட்டும் அரித்து நீக்கும் மருந்தாக ஐரோப்பாவில் 2012-இலும் அமெரிக்காவில் 2022-இலும் அனுமதி பெற்றது.

●

காபி சுறுசுறுப்பைத் தருவதில்லை, சோர்வு தெரியாமல் மறைக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே இருக்கும். அது தன் ஏற்பியில் அமர்ந்தால் தூக்கம் வரும். அடினோசினைப் போன்ற உருவமுள்ள காஃபின், பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிப்பதுபோல அந்த இடத்தைப் பிடித்துவிடுகிறது. தானும் வேலை செய்யாது, அடினோசினையும் உட்காரவிடாது. உள்ளே போன காஃபினில் பாதி கழியவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபியைப் பற்றி முடிவு உங்கள் கையில்.

செடி காஃபினை நமக்காகச் செய்வதில்லை. தன்னைக் கடிக்கும் பூச்சிகளை விரட்டத்தான். ஆனால் காபிப் பூவின் தேனிலும் இம்மியளவு காஃபின் உண்டு. அதைக் குடித்த தேனீக்கு அந்தப் பூவின் வாசனை நன்றாக நினைவில் நிற்கிறது என்று 2013-இல் கண்டார்கள். பூச்சிக்கு விஷம், வாடிக்கையாளருக்கு விளம்பரம்!

●

சாமையும் தினையும் விளைந்த கொல்லிமலைச் சரிவுகளில் சில பத்தாண்டுகளாக மரவள்ளி இடம்பிடித்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. ஜவ்வரிசி ஆலைகளுக்காக லாரி லாரியாக மலையிறங்குகிறது. இந்தச் செடியின் காவல் ஏற்பாடு கொஞ்சம் பயங்கரமானது. லினமரின் என்ற சேர்மத்தைச் செல்லுக்குள் ஒரு பைக்குள் வைத்திருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் நொதி செல்சுவரில். செடி முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. ஆடு வந்து இலையைக் கடித்தால் செல் நசுங்கும், இரண்டும் கலக்கும், ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும்.

சயனைடு முக்கியமாகக் குறிவைப்பது ஒரு புரதத்தை. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் நிற்கிறது. அதன் இரும்பு அணுவில் சயனைடு போய் ஒட்டிக்கொண்டால் அங்கேயே எல்லாம் நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய ஓடும், செல்லால் அதைத் தொட முடியாது. அதனால்தான் விஷம் ஏறிய ஆட்டின் சிரை ரத்தம்கூடப் பளீரென்று சிவந்திருக்கும். கால்நடை மருத்துவர் போடும் சோடியம் நைட்ரைட் ஊசியின் தந்திரம் அழகானது. அது ஹீமோகுளோபினில் ஒரு பகுதியின் இரும்பை மாற்றி, சயனைடுக்கு இன்னும் பிடித்தமான இரும்பாக ஆக்குகிறது. சயனைடு மைட்டோகாண்ட்ரியாவை விட்டு அங்கே போகும். கூடவே போடும் தயோசல்பேட்டிலிருந்து கந்தகத்தை எடுத்து ரோடனீஸ் என்ற நொதி அதைச் சிறுநீரில் வெளியேறும் பொருளாக மாற்றிவிடும்.

கிழங்கு தின்னும் மனிதர் உடம்பிலும் ரோடனீஸ்தான் காவல். அதற்குத் தேவையான கந்தகம் நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து வருகிறது. பஞ்ச காலத்தில் கசப்பு மரவள்ளியை மட்டுமே, அதையும் சரியாகப் பக்குவம் செய்யாமல் தின்ற காங்கோ, மொசாம்பிக் கிராமங்களில் கான்சோ என்ற நோய் வந்து கால்கள் நிரந்தரமாக விறைத்துப்போயின. கிழங்கோடு மீன் குழம்பு வைக்கும் கேரளத்துச் சேர்க்கை எனக்கு அறிவார்ந்ததாகவே படுகிறது. நம் அடுப்படிக்கு விதி சுலபம்: தோலை நன்றாக உரித்து, சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுந்து சாவதும் இதே சயனைடால்தான்.

●

வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் எத்திலீன், வெறும் ஆறு அணுக்களால் ஆனது. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். செல்லின் ஏற்பிப் புரதத்தில் உள்ள செம்பு அயனியில் அது ஒட்டியதும் மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கும். மூட்டம் போட்ட புகையிலும் எத்திலீன் உண்டு. கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவுக்கு அனுமதி இருக்கிறது.

●

கொல்லிமலையின் முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பழுப்பு ரோமம் மூடி, அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மரத்திலும் பாறையிலும் படரும் பெரணிச் செடியின் தண்டு அது. ரோமத்தைச் சுரண்டி, நறுக்கி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு சூப் வைக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். ‘சைவ ஆட்டுக்கால்’ என்ற பெயரில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். அசல் ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாக உறையும். எலும்பிலும் சவ்விலும் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி வந்ததன் அடையாளம் அது. கிழங்கு சூப் அப்படி உறையாது, ஏனென்றால் எந்தச் செடியும் கொலாஜன் செய்வதில்லை. கிழங்கில் பலன் இருந்தால் அது வேறு மூலக்கூறுகளின் வேலை.

கொலாஜன் எப்படிப்பட்ட புரதம் என்று உலகத்துக்குச் சொன்னது சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் அதன் அமைப்பை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம். இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச்சிறிய அமினோ அமிலம். வேறெதுவும் அந்த முறுக்கின் நடுவே அடங்காது. இந்த முறுக்கு உடம்புச் சூட்டில் பிரியாமல் நிற்க ஒரு நொதி வேலை செய்ய வேண்டும், அந்த நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காத மாலுமிகளின் ஈறு கிழிந்து பல் விழுந்ததுதான் ஸ்கர்வி. 1963-இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வரைந்த வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எதில் முடியாது என்று காட்டியது. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

●

பலாக்கொட்டையில் ஜாக்கலின் என்றொரு புரதம் உண்டு. செல்களின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட சர்க்கரைகளைத் தேடிப் பிடித்து ஒட்டும். நம் எதிர்ப்புப் புரதமான ஐஜிஏ1-ஐயும் அப்படித்தான் பிடிக்கும். அதனால் ரத்தத்திலிருந்து அந்தப் புரதத்தைத் தனியே பிரித்தெடுக்க ஆய்வகங்களில் பலாக்கொட்டைச் சரக்கு பயன்படுகிறது. இதன் முப்பரிமாண அமைப்பை 1996-இல் தீர்த்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், சுரோலியா ஆகியோரின் குழு. கொட்டையைப் பச்சையாகத் தின்னாமல் சுட்டோ அவித்தோ தின்பது, இத்தகைய புரதங்களின் மடிப்பைக் குலைக்க நல்ல வழி.

●

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். ஆனால் அதிலுள்ள பைட்டிக் அமிலம் கால்சியத்தையும் இரும்பையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தானியத்தை முளைகட்டினால் பைட்டேஸ் நொதி விழித்துக்கொண்டு அந்தப் பிடியைத் தளர்த்தும்.

●

சந்தைச் சரக்கு ஒருபுறம் இருக்கட்டும், நம் உடம்பின் புரதத்திலேயே ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகும்? ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்தால், ஆக்சிஜனை விட்டதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாக நீளும். ரத்தச் செல் அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களில் சிக்கும். இந்தியாவில் இதைப் பற்றிய முதல் அறிக்கைகளில் ஒன்று நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டது. 1952-இல் லேமான், கட்புஷ் இருவரும் வெளியிட்டார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. காய்ச்சல் காடுகளில் அது நிலைத்ததற்குக் காரணம் இதுதான்.

●

கடைசியாக மலைத்தேன். தேனீ தன் சுரப்பியிலிருந்து சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, தேனில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகிறது. புண்ணில் தடவும் வழக்கத்துக்கு இது ஒரு காரணம். ஆனாலும் சில தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உறங்கிக் கிடக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து ஒரு புரதத்தைச் சுரக்கும். அது நரம்பு முனைக்குள் போய், தசைக்குச் செய்தி அனுப்ப உதவும் இன்னொரு புரதத்தை வெட்டிவிடும். குழந்தையின் அழுகை மெலியும், உறிஞ்சும் பலம் குறையும், மூச்சுத் தசையும் தளரலாம். நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசியில் இருப்பதும் இதே குடும்பப் புரதம்தான், மிக மிகக் குறைந்த அளவில். சோளக்காட்டில் வாங்கிய சுத்தமான தேனாகவே இருந்தாலும், பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க அதைத் தொடக் கூடாது. ஒரு வயது முடியட்டும்.