முப்பது ஆண்டுகள் நன்மை வாங்காத புனிதர்



கொல்லிமலையில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கடைசித் தூணருகே ஒருவர் நிற்பார். குடியை விட்டு நான்கு மாதமோ ஐந்து மாதமோ ஆகியிருக்கும். திருப்பலிக்குத் தவறாமல் வருவார். நன்மை வாங்க மட்டும் எழுந்து வரமாட்டார். கேட்டால், “இன்னும் நிச்சயம் இல்லைங்க சாமி. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு மறுபடி விழுந்துட்டா கடவுளை ஏமாத்தின மாதிரி ஆயிடும்” என்பார். இன்றைய சிந்தனை அவருக்காக.

சீன நாட்டில் 1834-இல் பிறந்தவர் மாற்கு ஜி தியான்சியாங். மருத்துவர், ஏழைகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். கடுமையான வயிற்று நோய் வந்தபோது தமக்குத் தாமே அபினி கொடுத்துக்கொண்டார். வயிற்று நோய் போயிற்று, அபினி போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் திரும்பத் திரும்ப அதே பாவத்தைச் சொன்னார். கடைசியில் குருவானவர், இவருக்குத் திருந்தும் மனமே இல்லை என்று முடிவு செய்து பாவமன்னிப்புக் கொடுக்க மறுத்துவிட்டார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மாற்குவுக்கு நற்கருணை இல்லை. ஆனால் ஜெபத்தை அவர் விடவில்லை, கோயிலையும் விடவில்லை. இந்த அடிமைத்தனத்தோடு மோட்சம் சேர வேறு வழி தெரியாததால், மறைசாட்சியாகச் சாகும் வரத்தைக் கேட்டு மன்றாடி வந்தார்.

1900-இல் கிறிஸ்தவர்களுக்கு எதிரான கலகம் வெடித்தது. மகன், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரோடும் அவரைப் பிடித்துச் சென்றார்கள். தம் குடும்பத்தில் யாரும் தனியாகச் சாகக்கூடாது, ஆகவே தம்மைக் கடைசியில் கொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மாதா பிரார்த்தனையைப் பாடிக்கொண்டே ஜூலை 7-ஆம் நாள் உயிர்விட்டார். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சீன மறைசாட்சிகள் 120 பேரில் ஒருவராக அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்தக் குருவானவரைக் குறை சொல்வது எளிது. இது நோய் என்ற அறிவு அன்று இல்லை. இன்று நமக்கு உண்டு. பழக்கமும் கட்டுக்கடங்காத பற்றும் ஒருவரது செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735-ஆம் எண்ணில் சொல்கிறது. குடி பாவமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல; மனித மனத்தின் கட்டுகளைக் கடவுள் நம்மைவிட நன்றாக அறிவார் என்று பொருள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் பிரதிக்கினை வேண்டும் என்று சிறுவயதில் படித்தோம். பிரதிக்கினை என்பது இப்போது, இந்த நிமிடத்தில், விட்டுவிட விரும்பும் மனம். வருங்காலத்தில் விழவே மாட்டேன் என்று சொல்லும் ஜோசியம் அல்ல அது. விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும்போதே உண்மையான பிரதிக்கினையும் இருக்கலாம். நம் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பெரிய வண்டி சில வளைவுகளில் ஒரே வீச்சில் திரும்பாது. கொஞ்சம் பின்னால் எடுத்துத்தான் திருப்பவேண்டும். அதற்காக யாரும் அடிவாரத்துக்கு இறங்கிப்போய் முதலிலிருந்து தொடங்குவதில்லை.

ஆனால் ஜெபம் போதும், மருத்துவர் வேண்டாம் என்று சொல்பவர்களை நாம் ஏற்கமுடியாது. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆளை அறையில் போட்டுப் பூட்டுவது வைத்தியம் அல்ல. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். பின்னர் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சிகிச்சை முகாம்கள் போயின. அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்ல. நல்ல சமாரியர் உவமையைப் படிக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் 1935-இல் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் பிறந்ததுதான் ஏ.ஏ. இயக்கம். அந்த இருவரில் ஒருவரான டாக்டர் பாப் என்பவரோடு சேர்ந்து, அக்ரன் நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் இக்னேஷியா என்ற அருட்சகோதரி குடிநோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார். வேறு மருத்துவமனைகள் அவர்களுக்குக் கதவு திறக்காத காலம் அது. வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரு இருதயப் பதக்கம் கொடுப்பார். மறுபடி குடிக்கத் தோன்றினால் முதலில் இதைத் திருப்பிக் கொண்டுவந்து தரவேண்டும் என்பது நிபந்தனை. அங்கே வந்தால் பேச ஆள் இருக்குமே!

நம் ஊரிலோ, விட்டவரைப் பார்த்து “என்னப்பா, சாமியாராயிட்டியா?” என்கிறோம். சாவு வீட்டில், கோயில் திருவிழா முடிந்த இரவில், “இன்னைக்கு ஒரு நாள்தானே” என்று கையில் திணிக்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் குடித்தவர் மட்டும் வந்து நிற்கிறார். ஊற்றிக் கொடுத்தவர் வருவதில்லை. மனைவிமாருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் உடைந்தால் அந்தப் பிள்ளைக்கு ஏதாகுமோ என்ற பயமும் வீட்டுக்குள் சேர்ந்துவிடும்.

சில திருநாள்களில் அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுக்கிறோம். குடியை விட்டவர்கள் அன்று “அப்பம் மட்டும்” என்று தயங்காமல் சொல்லலாம். அப்பத்தை மட்டும் வாங்கினாலும் அதில் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. இந்த நோயுள்ள குருக்களும் உண்டு. ஆயரின் அனுமதியோடு அவர்கள் புளிக்காத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தத் திருச்சபை இடம் தருகிறது. எனவே தூணருகே நிற்பவரைக் கண்டு நாங்கள் முகம் சுளிக்க ஏதுமில்லை.

ஞாயிறு திருப்பலிக்கு அரைமணி நேரம் முன்பே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருப்போம். கூட்டத்தில் வரக் கூச்சமாக இருந்தால், வார நாளில் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டுங்கள்.