வகுப்பா, வாகையா? – கணினி விளையாட்டுகளில் பாத்திரமும் கதையும் விதியும்

‘வகுப்பு’ என்றதும் மாணவர்களாகிய நமக்கு விரிவுரை மண்டபம் நினைவுக்கு வரும். நாளிதழ் படிக்கும் பெரியவர்களுக்கு ‘வகுப்புவாதம்’ நினைவுக்கு வரும். இரவு முழுவதும் கணினி முன் அமர்ந்து மாய உலகங்களில் வாள் சுழற்றும் நண்பர்களுக்கோ மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. போர்வீரன், மந்திரவாதி, வில்லாளி, பூசாரி என்று ஆட்டத்தின் தொடக்கத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகைதான் அது. இந்த மூன்று பொருள்களும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இக்கட்டுரையின் முடிவில் அது அவ்வளவு தற்செயல் அல்ல என்று உங்களுக்கும் தோன்றக்கூடும்.

நான் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவன். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் எங்கள் ஊர்ச் சைபர் கபேக்களில் ‘டயாப்லோ 2’, ‘ரேக்னரோக் ஆன்லைன்’ போன்ற ஆட்டங்கள் கொடிகட்டிப் பறந்தன. மலாய், சீன, தமிழ் மாணவர்கள் ஒரே வரிசையில் அமர்ந்து ஆடுவோம். ஆட்டத்தை விட அதைப் பற்றிய வாக்குவாதமே சுவையானது. “கதைக்காக விதியா, விதிக்காகக் கதையா?” என்ற கேள்விதான் எங்கள் வாக்குவாதங்களின் வேர். பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத்தான் இங்கு விளக்க முயல்கிறேன்.

மூன்று வகுப்புகளில் தொடங்கிய கதை

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது கணினியில் பிறக்கவில்லை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தாளும் பகடையும் கொண்டு ஆடப்பட்டது. அதில் இருந்தவை மூன்றே வகுப்புகள்: போராளி, மந்திரவாதி, அருளாளர். மந்திரவாதி கவசம் அணியக் கூடாது. கத்திக்கு மேல் பெரிய ஆயுதம் ஏந்தக் கூடாது. அருளாளர் கூர்முனை ஆயுதங்களைத் தொடக் கூடாது, தண்டாயுதம் மட்டுமே.

ஏன் இந்தத் தடைகள்? சமயத் தொண்டர் குருதி சிந்தலாகாது என்பது கதை தரும் விளக்கம். ஆட்டத்தின் கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. காயம் ஆற்றும் ஆற்றல் உடையவருக்கு வாளும் கிடைத்துவிட்டால் போராளிக்கு அங்கு என்ன வேலை? ஆக, தடை என்பது தண்டனை அன்று. இன்னொருவர் நமக்குத் தேவை என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு அது. நான் அடி தாங்குகிறேன், நீ காயம் ஆற்று, அவன் தாக்கட்டும் என்ற கூட்டணி இன்றுவரை தொடர்வதற்கு இதுவே காரணம்.

‘ரேக்னரோக்’ ஆட்டத்திலும் இதையே கண்டோம். புதியவராக நுழைந்து பத்தாம் தொழில்நிலையை எட்டியதும் வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, வணிகன், திருடன், அக்கோலைட் என்ற ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்கோலைட்டை நாங்கள் ‘பூசாரி’ என்றே அழைப்போம். பூசாரியாக ஆட யாருக்கும் விருப்பம் இருக்காது; ஆனால் பூசாரி இல்லாமல் குகைக்குள் போகவும் முடியாது. “அண்ணே, இன்னிக்கு நீங்க பூசாரி எடுங்கண்ணே” என்று கெஞ்சும் குரல் கபேயில் நாள்தோறும் கேட்கும்.

விதியே கதை சொல்லும்போது

நல்ல வடிவமைப்பில் கதையும் விதியும் தனித்தனியாக நிற்பதில்லை. ‘ரேக்னரோக்’ பூசாரியின் குணமாக்கும் மந்திரத்தை உயிருள்ளவர் மீது ஏவினால் உடல் தேறும். பிணமாய் நடமாடும் அரக்கர் மீது ஏவினால் அதுவே அவர்களைத் தாக்கும். அருள் என்பது இறந்தவற்றின் மீது நெருப்பு என்ற கருத்தை ஒரு வரி வசனமும் இல்லாமல் விதியே சொல்லிவிடுகிறது.

2000இல் வெளிவந்த ‘டயாப்லோ 2’இன் நெக்ரோமேன்சர் இன்னும் நல்ல சான்று. வெளிறிய முகமும் எலும்பு அணிகளுமாக நிற்கும் அவனைக் கண்டால் வில்லன் என்றுதான் எண்ணுவோம். கதைப்படி அவன் ரத்மாவின் வழிவந்த துறவி. ஒளிக்கும் இருளுக்கும் இடையே சமன் காப்பவன். ஆட்டத்திலோ, பிணம் இருந்தால்தான் அவனால் எலும்புக்கூட்டுப் படையை எழுப்ப முடியும். முதல் எதிரியை வீழ்த்தும் வரை அந்தப் படை பிறக்காது. பிறகு ஒவ்வொரு சாவும் அவனுக்குப் பலமாகிறது. இறப்பிலிருந்து பயன் எடுப்பவன் என்ற கதையை ஆடுபவரின் விரல்களே உணர்ந்துகொள்கின்றன.

அதே ஆட்டம் இன்னொரு விவாதத்தையும் கிளப்பியது. திறன் புள்ளிகளை ஒருமுறை செலவிட்டால் திரும்பப் பெற முடியாது. தவறான திறனில் புள்ளிகளைப் போட்டவர் பாத்திரத்தை முதலிலிருந்து வளர்க்க வேண்டும். 2010இல் வந்த 1.13 திருத்தத்திற்குப் பிறகே அகாரா என்ற பாத்திரத்தின் மூலம் புள்ளிகளை மீட்டெடுக்க வழி பிறந்தது. “முடிவுக்கு விலை இல்லையென்றால் அது முடிவே இல்லை” என்பது ஒரு தரப்பு. “பரிசோதனைக்கு இடமில்லாத ஆட்டம் வேலைக்குச் சமம்” என்பது மறுதரப்பு. எஸ்.பி.எம். முடித்ததும் துறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாதியில் மாற முடியாமல் தவிக்கும் மாணவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2007இல் இடிந்த சுவர்

2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இரண்டு அணிகளைக் கொண்டது. பாலடின் என்னும் புனித வீரர் வகுப்பு அலையன்ஸ் அணிக்கு மட்டும். ஷாமன் வகுப்பு ஹோர்ட் அணிக்கு மட்டும். கதைக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கணக்கு இடித்தது. பாலடின் தரும் ஆசிகளும் ஷாமன் நடும் மந்திரக் கம்பங்களும் ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. நாற்பது பேர் கூடி வீழ்த்த வேண்டிய அரக்கனை இரு அணிக்கும் சமமான கடினத்தோடு அமைப்பது தலைவலியாயிற்று.

2007 ஜனவரியில் வந்த ‘தி பர்னிங் க்ரூசேட்’ விரிவாக்கத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. ஹோர்ட் பக்கம் சேர்ந்த பிளட் எல்ஃப் இனத்தார் பாலடின் ஆயினர். அலையன்ஸ் பக்கம் வந்த டிரெனாய் இனத்தார் ஷாமன் ஆயினர். இதற்கென்று புதிய கதைகளும் எழுதப்பட்டன. சிறைபிடித்த ஓர் ஒளியுயிரிடமிருந்து ஆற்றலை உறிஞ்சியே பிளட் எல்ஃப்கள் பாலடின் ஆனார்களாம்!

“விதிக்காகக் கதையை வளைத்துவிட்டார்கள்” என்று எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒருவர் கொதித்தார். என் கருத்து வேறு. தேவை விதியிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அருளை வேண்டிப் பெறாமல் பறித்துக்கொண்ட வீரர்கள் என்ற கதை பழைய பாலடின் கதையைவிடச் சுவையானது. கதை விதிக்குப் பணிந்ததா என்பது முக்கியமல்ல. பணியும்போது புதிதாக எதையேனும் சொன்னதா என்பதே முக்கியம்.

பிறப்பா, செயலா?

இப்போது சிக்கலான இடத்திற்கு வருவோம். 1981இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அடிப்படைப் பதிப்பில் மனிதராகப் பிறந்தவர் போராளியாகவோ திருடராகவோ ஆகலாம். எல்ஃபாகப் பிறந்தவருக்கு ‘எல்ஃப்’ என்பதே வகுப்பு. பிறப்பே தொழில்! பிற்காலப் பதிப்புகளில் இது தளர்ந்தாலும், இந்த இனத்தாருக்கு வலிமை கூடுதல், அந்த இனத்தாருக்கு அறிவு கூடுதல் என்ற கணக்கு நீண்ட நாள் நீடித்தது. 2020இல் அந்தப் புள்ளிகளை விரும்பிய இடத்திற்கு மாற்றிக்கொள்ள அனுமதி தந்தார்கள். 2024 பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லையே நீக்கிவிட்டு, கூடுதல் புள்ளிகளை ஒருவர் வளர்ந்த பின்னணியோடும் செய்த தொழிலோடும் இணைத்துவிட்டார்கள்.

“வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று கேட்பவர்கள் உண்டு. தமிழர்களாகிய நாம் அப்படிக் கேட்கலாமா? பிறந்த வீட்டைப் பார்த்து இவனுக்கு இது வரும், அவனுக்கு இது வராது என்று முத்திரை குத்தும் பழக்கத்தால் நம்மவர் பட்ட பாடு கொஞ்சமா? அதே கணக்கைப் பகடையில் எழுதி வைத்தால் அதை ஆடும் பிள்ளை கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். விதி வாதிடுவதில்லை, பழக்கிவிடுகிறது. அதுதான் விதியின் வலிமையும் ஆபத்தும்.

தொல்காப்பியம் காட்டும் இரு வழிகள்

பண்டைத் தமிழகத்தைக் களமாகக் கொண்டு ஓர் ஆட்டம் செய்தால் வகுப்புகளை எப்படி அமைப்பது? இக்கேள்வியை நண்பர்களிடம் எழுப்பியபோது, குலப்பெயர்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு திறன் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அன்றைய வாக்குவாதம் நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை.

வியப்பு என்னவென்றால், தொல்காப்பியத்திலேயே இரண்டு வழிகளும் இருக்கின்றன. மரபியலில், நூல், கரகம், முக்கோல், மணை ஆகியவை அந்தணர்க்கு உரியவை. படை, கொடி, குடை, முரசு முதலியவை அரசர்க்கு உரியவை என்று பொருள்கள் பங்கிடப்படுகின்றன. இன்றைய ஆட்டக்காரரின் மொழியில் சொன்னால், வகுப்புவாரியான ஆயுதத் தடைப் பட்டியல்! இந்நூற்பாக்கள் பிற்காலச் செருகல் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

புறத்திணையியல் காட்டும் வழி வேறு. அங்கு வீரனை அடையாளப்படுத்துவது செயல். நிரை கவரச் சென்றால் வெட்சி, மண்ணாசையால் படையெடுத்தால் வஞ்சி, கோட்டையை வளைத்தால் உழிஞை, நேருக்கு நேர் பொருதால் தும்பை, வென்றால் வாகை. காஞ்சி, பாடாண் சேர்த்துத் திணை ஏழு. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை, நிரை மீட்கும் கரந்தையையும் கோட்டை காக்கும் நொச்சியையும் தனித்தனியே பிரித்துப் பன்னிரண்டு படலங்களாக விரிக்கிறது. நேற்று வெட்சி சூடியவன் இன்று கரந்தை சூடலாம். பூ மாறினால் பணி மாறும்.

ஜப்பானின் ‘ஃபைனல் ஃபேண்டசி’ வரிசையில் 1990இல் வந்த மூன்றாம் ஆட்டமும் 1992இல் வந்த ஐந்தாம் ஆட்டமும் புகழ்பெற்றது இதே உத்தியால்தான். பாத்திரம் ஒன்றே, தொழிலை மாற்றிக்கொண்டே போகலாம். ஐந்தாம் ஆட்டத்தில் ஒரு தொழிலில் கற்றதை அடுத்த தொழிலுக்கும் எடுத்துச் செல்லலாம்.

இதை விதியாக்கிப் பாருங்கள். வெட்சி சூடினால் ஓசையின்றி நடக்கலாம். ஆனால் கவர்ந்த மாடுகளை ஓட்டத் தொடங்கியதும் வேகம் குறையும். அப்போது எதிரணி கரந்தை சூடித் துரத்தும். பாணரும் விறலியரும் துணைக்கு வந்தால் செயல் பாட்டாகும், பாட்டு புகழாகும், அந்தப் புகழே ஆட்டத்தின் புள்ளி. வீழ்ந்தவனுக்கு நடுகல் எழும். அவ்வழி வரும் தோழர்க்கு அது துணிவு தரும். இது வெறும் கற்பனை அன்று. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் ஒன்று ‘ஆகோள்’ என்று நிரை கவர்தலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

பிறர் செய்துவிட்டார்கள், நாம்?

நம் வரலாறு விளையாட்டாகாமல் இல்லை. பாத்திர ஆட்டம் அல்ல என்றாலும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ இங்கு குறிப்பிடத்தக்கது. 2022இல் அதற்கு வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கத்தில் திராவிடர் என்ற அணியும் இராசேந்திர சோழன் படையெடுப்பும் உண்டு. உருமி வாள் ஏந்திய வீரர்கள், திரிசடை என்னும் பெருங்கப்பல், எதிரியின் கவசத்தை மதிக்காமல் பாயும் ‘வூட்ஸ்’ எஃகு ஆகியவை அந்த அணியின் சிறப்புகள். குதிரைப்படை மட்டும் வலுக்குறைவு. தென்னாட்டுக்கு நல்ல குதிரைகள் கடல்வழி வந்தன என்ற வரலாறு அங்கு விதியாகி நிற்கிறது.

அந்த இராசேந்திரன் 1025இல் படை அனுப்பிய கடாரம் எங்கே இருக்கிறது? வடக்கே பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து காரில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். எங்கள் ஊரிலேயே சேரோக் தோக்குனில், புனித அன்னம்மாள் தேவாலய வளாகத்தில், 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரித்தானிய அதிகாரி கண்டறிந்த பழைய எழுத்துகள் செதுக்கிய பாறை இருக்கிறது. திருவிழாவிற்கு வரும் பல்லாயிரவரில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்? கதைப்பின்னணிக்கு நாம் வடதுருவப் புராணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஒரு விளையாட்டை உருவாக்கக் கோடிக்கணக்கான ரிங்கிட் வேண்டும் என்று மலைக்காதீர்கள். 1974இல் அவர்களிடம் இருந்தவை தாள், பென்சில், பகடை ஆகியவையே. நம் கழகத்தின் அடுத்த தமிழ் விழாவில் நால்வர் அமர்ந்து ஆடக்கூடிய ஒரு புறத்திணை ஆட்டத்தை எழுதிப் பார்க்கலாமே! எழுதும்போது ஒவ்வொரு விதிக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தடை இன்னொருவரை நமக்குத் தேவையானவராக ஆக்குகிறதா? வசனம் இல்லாமலே கதை சொல்கிறதா? ஒருவர் என்ன செய்தார் என்பதை மதிக்கிறதா, யாருக்குப் பிறந்தார் என்பதைப் பார்க்கிறதா?

மூன்றாம் கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும்வரை பகடையை உருட்ட வேண்டாம்.