உங்களுக்குத் தெரியுமா? விரால் குஞ்சுக்குக் காவல் உண்டு!

ஐப்பசி, கார்த்திகை மழையில் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து ஏரி நிரம்பியதும், கோரை முளைத்த கரையோரம் சற்று நின்று பாருங்கள். குங்குமத்தை அள்ளித் தூவியதுபோல் நீர்மட்டத்தில் ஒரு செந்நிறத் திட்டு மெல்ல நகர்ந்தால், அது விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டிருக்கும். தவளையோ வேறு மீனோ நெருங்கினால் பாய்ந்து விரட்டும்.

இந்தக் காவல் முட்டையிலேயே தொடங்குகிறது. புல்பூண்டை விலக்கி வட்டமாக இடம் ஒதுக்கி விரால் முட்டையிடும். எண்ணெய்த்துளி உள்ளே இருப்பதால் முட்டைகள் மூழ்காமல் மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகளின் முதல் தீனி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சிகள். வளர வளர, மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுச் சட்டென்று இறங்கும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறையே இருக்கிறது. கோடையில் ஏரி வற்றிச் சேறானாலும் அது தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

விரல் நீளம் வளர்ந்ததும் சிவப்பு மங்கிப் பழுப்பேறும், கூட்டமும் கலையும். அதன்பின் பெரிய குஞ்சு சிறியதை விழுங்குவதும் உண்டு.

ஜிலேபிக் கெண்டையின் காவல் வேறு வகை. 1952இல் இந்தியாவுக்கு வந்த அந்த மீனின் குஞ்சுகள், ஆபத்து என்றால் தாயின் வாய்க்குள்ளேயே புகுந்துகொள்ளும்.

செந்நிறத் திட்டைக் கண்டால் அங்கே தூண்டில் போடாதீர்கள். தாயும் தகப்பனும் மாட்டினால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரைதான்.