தேம்ஸ் நதி உயிர் பெற்றது எப்படி?

ஓடும் நீருக்குத் தன்னைத்தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உண்டு. ஆற்றில் விழும் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. ஆனால் அப்பணிக்கு அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. சிற்றூரின் அழுக்கை ஆறு தாங்கும். பெருநகரின் அழுக்கைத் தாங்காது. பிராணவாயு தீர்ந்தால் மீன்கள் மடியும். நீர் கறுத்து நாறும். இவ்வுண்மையை இலண்டன் மாநகரம் பட்டுணர்ந்தது.

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பொறுக்கவியலாமல், பாராளுமன்றத்தின் சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டனர். அதன்பின் ஜோசப் பசல்கெட் என்னும் பொறியாளர், நகரின் சாக்கடைகளை வழிமறித்துக் கிழக்கே கொண்டுசெல்லும் பெருங்கால்வாய்களை நிலத்தடியில் அமைத்தார். காலரா அகன்றது. ஆயினும் கழிவுநீர், பெக்டன், கிராஸ்னெஸ் என்னும் ஈரிடங்களில் அப்படியே நதியில் விடப்பட்டது. 1878இல் ‘பிரின்சஸ் அலிஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அவ்விடங்களுக்கு அருகே மோதி மூழ்கியது. சாக்கடை கலந்த அந்நீரில் 600 பேருக்கு மேல் மாண்டனர். தொல்லை தீரவில்லை, இடம் மாறியது, அவ்வளவே!

பின்னர்க் கசடைப் படியவைத்துப் பிரிக்கத் தொடங்கினர். ஆனால் மக்கட்பெருக்கத்திற்கு அது போதவில்லை. 1957இல் தேம்ஸின் கீழ்ப்பகுதி உயிரற்றுப்போயிற்று என்று அறிவியலார் கூறினர்.

அதனை மீட்டவை, அதே பெக்டனிலும் கிராஸ்னெஸிலும் 1960, 70களில் விரிவாக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்களே. அவை செய்வது என்ன? ஆறு செய்யும் வேலையையே ஆற்றுக்கு வெளியே, தொட்டிகளுக்குள் செய்கின்றன. முதலில் கம்பி வலைகள் துணியையும் குப்பையையும் தடுக்கின்றன. அடுத்து மணலும், பின் கசடும் அடியில் படிகின்றன. எஞ்சிய நீரில் காற்றைச் செலுத்துகையில், நுண்ணுயிர்கள் குறைவற்ற பிராணவாயுவைப் பெற்றுக் கரைந்துள்ள அழுக்கை உண்டு பெருகுகின்றன. இறுதித் தொட்டியில் அவையும் படிந்துவிட, தெளிந்த நீர் நதியைச் சேர்கிறது. படிந்த உயிர்களில் ஒரு பகுதி மீண்டும் பணிக்கு அனுப்பப்படுகிறது. 1914இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் கண்ட முறை இது. இதனால் நதியின் பிராணவாயு மீன்களுக்கே எஞ்சுகிறது.

பயன் விரைவில் தெரிந்தது. நூறாண்டுகளுக்கு மேல் காணாதிருந்த சால்மன் மீன், 1974இல் ஒரு மின்நிலையத்தின் நீர்வடிகட்டியில் அகப்பட்டது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்கள் அங்கே பதிவாகியுள்ளன.

எனினும் ஒரு குறை நீடித்தது. மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடியதால், பெருமழையில் கால்வாய்கள் நிரம்பி, சுத்திகரிக்கப்படாத நீர் நதிக்குள் வழிந்தது. அதனைப் பெரிதும் தடுக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைக்கப்பட்டு, 2025இல் முழுப் பயனுக்கு வந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, இதில் நம் இல்லங்களுக்கும் பாடம் உண்டு. மாடியின் மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைத்தல் தகாது; அது மழைக்காலத்தில் நிலையத்தின் தாங்குதிறனை மீறச் செய்யும். பழைய எண்ணெய் குழாயில் உறைந்து அடைக்கும். துணியும் பிளாஸ்டிக்கும் இயந்திரங்களைப் பழுதாக்கும். காலாவதியான மருந்துகள் பலவற்றை நுண்ணுயிர்களால் அழிக்க இயலாது. இவற்றைச் சாக்கடையில் இடாத ஒவ்வொரு குடும்பமும் ஆற்றைக் காக்கும் பணியில் பங்கு பெறுகிறது.