திருவிழா முடிந்த மறுநாள்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் காரைக்கால் வழியாகத் தெற்கே போகும் சாலையில் காவி உடுத்திய கூட்டம் நடந்து போகும். சென்னை, புதுச்சேரி, கடலூர் என்று பல ஊர்களிலிருந்து கிளம்பி, சிறு தேரில் மாதா சொரூபத்தை வைத்து இழுத்துக்கொண்டு, கால் கொப்பளிக்க வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் அவர்கள். 29-ஆம் தேதி கொடியேறினால் செப்டம்பர் 8-ஆம் தேதி மாதா பிறந்தநாள் வரை இந்த நடமாட்டம் ஓயாது. காரைக்கால் தலத்தெருவில் இருக்கும் சைவக் குடும்பத்தாருக்கும் பக்கத்து ஊர் முஸ்லிம் குடும்பத்தாருக்கும் கிறிஸ்தவம் என்றதும் கண்ணில் நிற்பது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். அது உண்மையான பக்தி, குறை சொல்ல ஒன்றுமில்லை. நடப்பவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் ஏராளம். ஆனால் ஒரு கத்தோலிக்கப் பங்கோ சீர்திருத்தச் சபையோ அந்தக் கூட்டத்தால் உயிர் வாழ்வதில்லை. ஐப்பசி மழையில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை செபமாலைக்குக் கதவைத் திறந்து வைப்பவர், ஞாயிறு மறைக்கல்விக்குப் பிள்ளைகளை உட்கார வைப்பவர், சாவு வீட்டில் குருவானவர் வந்து சேரும்வரை செபம் நடத்துபவர், உண்டியல் காசை எண்ணி நோட்டில் எழுதுபவர் ஆகியோரால்தான் அது நிற்கிறது. எந்தப் பங்கிலும் இவர்கள் சிலர்தான். அந்தச் சிலர் இந்தக் கடற்கரையில் என்ன செய்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சபைகள் என்ன கொடுத்திருக்கின்றன என்று பார்த்தால், வாங்கிக்கொண்டது அதிகம், கொடுத்தது குறைவு என்றே எனக்குப் படுகிறது.

காரைக்காலுக்கு வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்குவும் புளுட்சாவும் 1706 ஜூலை 9-ஆம் தேதி அங்கே வந்து இறங்கியதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அச்சுக்கூடமும், தமிழில் அச்சான புதிய ஏற்பாடும், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டன. குறைவாகப் பேசப்படுவது வேறொன்று. டேனிஷ்காரர் கையில் இருந்தது கோட்டையும் அதைச் சுற்றிய சிறு நிலப்பரப்பும்தான். அதைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய மன்னரின் நாடு. அதற்குள் ஐரோப்பியப் போதகர்கள் நினைத்தபடி போய்வர முடியாது. ஆகவே காவிரிக் கரை ஊர்களுக்குள் இந்தப் புதிய சமயம் போனபோது, அதைச் சுமந்து போனவர்கள் உபதேசியார்கள். இந்த மண்ணில் பிறந்தவர்கள், ஊருக்கு ஊர் நடந்தவர்கள், எந்தத் தெருவில் யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், எங்கே உட்காரக்கூடாது என்று தெரிந்தவர்கள். அவர்கள் கண்டதையும் கேட்டதையும் வந்து சொல்வார்கள். போதகர்கள் அதை எழுதி ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அச்சான அறிக்கைகளை இன்றைக்குப் புரட்டினாலும், ஐரோப்பியர் பெயரில் வந்த பக்கங்களுக்குள் நடந்து களைத்த தமிழர்களின் கால்கள் தெரியும்.

அவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆரோன். கடலூர்க்காரர், 1718-இல் ஞானஸ்நானம் பெற்றவர். பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்தபின் 1733 டிசம்பர் 28-ஆம் தேதி குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் சீர்திருத்தச் சபையின் முதல் உள்நாட்டுக் குரு அவர்தான். மாயவரம் பக்கத்து ஊர்களைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்தி 1745-இல் இறந்தார். மற்றவர் இராசநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான வேதப் புத்தகம் கைக்குக் கிடைத்துப் படித்தார், போதகர்களைத் தானே தேடி வந்தார், படை வேலையை விட்டு உபதேசியாரானார். ஐரோப்பியர் கால் வைக்கத் தயங்கிய தஞ்சைச் சீமையில் ஒரு சபை உருவானதற்கு அவருடைய உழைப்பு அடிப்படை. 1771-இல் இறக்கும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். அவருக்கு யாரும் கட்டளையிட்டு அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புத்தகம் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தார், சம்பளமும் பதவியும் அதற்கும் பிறகுதான்.

இது சீர்திருத்தச் சபைக்கு மட்டும் உரிய கதையல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்தே சேசு சபையினரின் மதுரை மிஷன் விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களோடு பரந்த நாட்டைக் கவனித்தது. ஒரு குருவானவர் ஓர் ஊருக்கு வருடத்தில் ஒரு தடவை வந்தால் பெரிது. மற்ற நாட்களில் மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தவர், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தவர், சண்டையைத் தீர்த்தவர் வேதியர் எனப்பட்ட உள்ளூர் உபதேசியாரே. (அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய விதி. அந்த ஒரு விதி இல்லாமல் போயிருந்தால் தமிழகத்தில் பல கிராமங்களின் சரித்திரமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.) இதை நன்றாக அறிந்தவர் அந்த மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர். தேம்பாவணியின் ஆசிரியர், சதுரகராதி தொகுத்தவர் என்று தமிழ் உலகம் அவரைப் பாராட்டுகிறது. அவரே வேதியர்களுக்கென்று ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலையும் எழுதினார். காவியம் பாடக்கூடிய ஒருவர் உட்கார்ந்து ஊர் வேதியருக்குக் கைநூல் எழுதினார் என்றால், மிஷனின் உயிர்நாடி எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் பொருள். 1773-இல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்தார். அவர்கள் மீண்டும் மதுரை நாட்டுக்கு வந்தது 1830-களின் கடைசியில். இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் குருக்கள் மிகக் குறைவாகவே இருந்தும் ஊர்க் கோயில்கள் பல அழியாமல் நின்றன.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது இன்னும் தெளிவான சாட்சி. 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி, அவர்களுக்கு இடம் கொடுப்பதையே குற்றமாக்கினர். கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தது 1687-இல். கிட்டத்தட்ட ஒரு தலைமுறை குருவானவர் இல்லாமலே கழிந்திருந்தது. ஆனாலும் அவர் தேடிப் போனபோது விசுவாசிகள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். ஊர் ஊராக மூப்பர் ஒருவரையும் அண்ணாவி ஒருவரையும் வைத்தார். மூப்பர் கோயிலையும் மக்களையும் பார்த்துக்கொள்வார், அண்ணாவி செபத்தை நடத்திப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பார். 1711-இல் அவர் இறந்த பிறகும், டச்சு ஆட்சி முடிகிறவரைக்கும் இலங்கைக் கத்தோலிக்கத்தை நிறுத்திவைத்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கொரியாவில் இன்னும் வியப்பு. 1784-இல் ஒருவர் பெய்ஜிங்குக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். குருவானவர் ஒருவர் அந்த நாட்டுக்குள் வந்து சேரப் பத்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஒரு சபையே உருவாகியிருந்தது.

திருநெல்வேலிச் சீமையின் சபைக்கு விதை போட்டவர்களில் ஒரு பெண் முன்னிற்கிறார். 1778-இல் போதகர் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமண விதவை. அவர் பாளையங்கோட்டையில் முன்னின்று எழுப்பிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை ஆனது. ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். அவருக்குச் சபையில் எந்தப் பட்டமும் கிடையாது. 1780-இல் அங்கே எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். அந்த நாற்பதுதான் பிறகு ஒரு திருமண்டலமாக வளர்ந்தது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இவை எல்லாம் குருக்கள் கிடைக்காத காலத்து அவசர ஏற்பாடுகள், இன்று அருட்தந்தையரும் போதகர்களும் பயிற்சி பெற்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், விசுவாசிகள் வந்து வணங்கிப் போனால் போதாதா என்று கேட்கலாம். பாதி உண்மை. ஆனால் குருவானவர் மாறுதலாகிப் போகிறவர். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறைமாவட்டம் அவரை வேறிடத்துக்கு அனுப்பும். காரைக்கால் புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே இருக்கும் ஒருவர் அடுத்து செஞ்சிப் பக்கம் போகலாம். எந்த வீட்டில் வேலை போயிற்று, எந்த வீட்டில் இரண்டு அண்ணன் தம்பிகள் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், பிள்ளைகள் பிரான்சுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்பதெல்லாம் புதிதாக வந்தவருக்குத் தெரியாது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தை வீட்டுக்கு வீடு மாற்றி நடத்துகிறவருக்கும், வின்சென்ட் தெ பால் சபைக்காக வாராவாரம் ஏழை வீட்டுக்குப் போகிறவருக்கும் தெரியும். பங்கின் நினைவு அவர்களிடம் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினரின் பணியைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். அதில் பொதுநிலையினர் குருக்களுக்கு உதவியாள் என்ற இடத்தில் இல்லை. திருமுழுக்கால் வந்த உரிமையும் கடமையும் உள்ளவர்களாக இருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு கடினமானது, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. தொடர்ந்து உழைக்கும் சிலர் நாளடைவில் கோயிலைத் தங்கள் சொத்தாக நினைக்கத் தொடங்குகிறார்கள். பங்குப் பேரவையில் அதே முகங்கள், திருவிழாத் தேரில் அதே குடும்பத்துக்கு முதல் மரியாதை. தென்னிந்தியத் திருச்சபையில் சபைக் கமிட்டியிலிருந்து திருமண்டலம் வரை தேர்தல் உண்டு. அந்தத் தேர்தல் தகராறுகள் நீதிமன்றப் படியேறுவதும், நீதிமன்றமே நிர்வாகிகளை நியமிப்பதும் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குப் பழகிப்போனவை. இதைவிடப் பழைய நோய் சாதி. புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவரைப் பற்றிய 1745-ஆம் ஆண்டுச் சச்சரவை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டாகப் பிரித்தே கோயில் கட்டினார்கள். நடுச்சுவர் இடிபட்டது 1910-இல். சுவருக்காக வாதாடியவர்கள் சோம்பேறி விசுவாசிகள் இல்லை. கோயிலுக்குக் கொடுத்தவர்கள், உழைத்தவர்கள், ஒரு நாளும் பூசைக்குத் தவறாதவர்கள்.

மேலே சொன்ன இராசநாயக்கன் விஷயத்தில் நான் முதலில் சொல்லாமல் விட்ட ஒன்று இங்கே வருகிறது. ஆரோனுக்கு அடுத்த தமிழ்க் குருவாக இராசநாயக்கன் பெயரும் பேச்சில் இருந்தது. ஆனால் 1741-இல் பட்டம் பெற்றவர் தியோகு என்ற மற்றோர் உபதேசியார். இராசநாயக்கன் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று போதகர்கள் அஞ்சினார்கள். உழைப்பை ஏற்றுக்கொண்ட சபை அந்த உழைப்பாளியைப் பலிபீடத்துக்கு அருகே விடவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை என்பது அவருடைய பெருமை. அதை வைத்துச் சபை தன் தவற்றுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே ஈடுபாடு உள்ளவர்களால் வரும் ஆபத்து உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து ஈடுபாட்டைக் குறைப்பதல்ல. எல்லாவற்றையும் குருவானவர் கையில் திருப்பிக் கொடுத்தால் சாதியும் குழு ஆதிக்கமும் போய்விடும் என்று நினைப்பதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை. 1741-இல் முடிவெடுத்தவர்களே போதகர்கள்தான். வேலை ஒரு சிலரிடமே தங்குவதால்தான் அது அதிகாரமாகிறது. பலரிடம் போனால் வேலையாகவே இருக்கும். பங்குப் பேரவையில் ஒருவர் இத்தனை ஆண்டுதான் என்று வரையறை, அடுத்தவரைப் பழக்கிவிட்டு விலகும் வழக்கம், பெண்களுக்கும் தலித் குடும்பங்களுக்கும் உண்மையான இடம், வரவு செலவை எல்லார் முன்னும் வாசிப்பது ஆகியவை சிறிய காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் வேலையைப் பலரிடம் கொண்டுசேர்ப்பவை அவைதான். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த இரண்டில் முதலாவதைப் பற்றித்தான் பங்குகளில் அதிகம் சண்டை. இரண்டாவது ஒழுங்காகக் கூடுகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. தேரில் யார் முதலில் கை வைப்பது என்பதைவிடக் கணக்கு நோட்டை யார் பார்க்கலாம் என்பது பெரிய கேள்வி.

தொடர்ந்து உழைக்கிறவர்களை இப்படி முன்னிறுத்துவது எப்போதாவது வருகிறவர்களைச் சிறுமைப்படுத்தும் என்று சிலர் சொல்வார்கள். வேளாங்கண்ணிக்கு வருடத்தில் ஒரு முறை நடக்கிறவருடைய விசுவாசத்தை எடை போடும் தராசு யாரிடமும் இல்லை, அந்த வேலையில் இறங்கவும் கூடாது. இங்கே பேச்சு ஒரு சபை நடப்பதற்கு என்ன தேவை என்பது பற்றியது. நேரம் இல்லை என்ற குறையும் நியாயமானதே. காலையில் பேருந்து பிடித்து நாகப்பட்டினம் போய் இரவு திரும்பும் ஒருவரிடம் ஆறு குழுக்களின் பொறுப்பைக் கட்டுவது அநியாயம். அது நடப்பதும் வேலையைப் பங்கிட ஆள் தேடாததால்தான்.

2021 மே மாதம் போப் பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியை நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். யாரைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு பயிற்சி கொடுப்பது என்பதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவை தீர்மானிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். காவிரிக் கழிமுகத்துக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. உபதேசியார் என்ற பெயரில் இந்த ஊர்களில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்த வேலைதான் இது. புதிதாக இருக்க வேண்டியது, அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் பட்டியலில் இராசநாயக்கனின் வாரிசுகளுக்கு எத்தனை இடம் என்பது.