"பந்தைத்தானே தொட்டேன்?"

சுங்கை காடுட் தோட்டத் திடலானாலும் பெரிய அரங்கமானாலும், காற்பந்தாட்டம் என்றால் இரண்டு கூச்சல்கள் உண்டு.

"பந்தைத்தானே முதலில் தொட்டான், அது எப்படித் தப்பு?" என்பது முதலாவது. 12ஆவது ஆட்டவிதி பாய்ந்த விதத்தையும் பார்க்கிறது. கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக். எதிராளிக்கு ஆபத்து என்பதைப் பொருட்படுத்தாவிட்டால் மஞ்சள் அட்டை. மிதமிஞ்சிய பலம் என்றால் சிவப்பு அட்டை. பந்தைத் தொட்டது இதற்கு மன்னிப்பாகாது.

"கையில் பட்டது, பெனால்டி கொடு!" என்பது இரண்டாவது. பட்டதெல்லாம் குற்றமல்ல. வேண்டுமென்றே தொட்டாரா, இயல்புக்கு மாறாகக் கையை விரித்து உடலை அகலமாக்கினாரா என்றே நடுவர் பார்ப்பார். ஆனால், 2021 திருத்தப்படி, தற்செயலாகத் தன் கையில் பட்டவுடன் அதே ஆட்டக்காரர் கோல் அடித்தால் அது செல்லாது.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். பந்து கிழிந்தால் வேறு வாங்கலாம்; முழங்கால் போனால் எந்தக் கடையில் வாங்குவது?